பதின்மூன்றாம் எண்ணைத் தேடி

‘எஸ்விஎன்-அட்மின் லோட்’ என்று கட்டளை கொடுத்தால் திரையில் ரிவிஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். எந்தக் கோப்பு சேர்ந்தது, எது மாறியது என்று ஒவ்வொன்றின் கீழும் வரிகள் வரும். எங்கள் பேக்கப்பை ஏற்றியபோது மூன்றாவது ரிவிஷனிலேயே ஓட்டம் நின்றுவிட்டது. செக்சம் பொருந்தவில்லை, எதிர்பார்த்தது இது, கிடைத்தது இது என்று 32 எழுத்து நீளத்தில் இரண்டு வரிசைகள். அதற்குப் பின்னால் நாலாயிரத்துச் சொச்சம் ரிவிஷன்கள் இருந்தன.

இது 2012இல் நடந்தது. கோவையில், நூற்பாலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தந்த ஒரு சிறிய நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்தேன். பஞ்சு வரவு, கழிவு, நூல் இருப்பு, பில், வரி என்று ஆலையின் கணக்கு முழுவதும் அந்த ஒரே மென்பொருளில் ஓடியது. 2005இலிருந்து எழுதிய கோடு மொத்தமும், ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு ரிவிஷனாக எண்ணிட்டுச் சேமிக்கும் சப்வெர்ஷனில் இருந்தது. அது இருந்த பழைய விண்டோஸ் சர்வரை ஓய்வுபெறச் செய்துவிட்டு லினக்ஸுக்கு மாறுவது என்று முடிவாகி, அந்தச் சேமிப்பான ரிப்போ முழுவதையும் டம்ப் என்ற ஒரே கோப்பாக எடுத்துப் புதிய சர்வருக்கு எஃப்டிபி வழியாக அனுப்பியிருந்தார்கள். அதை ஏற்றிப் பார்ப்பதற்குள் பழைய சர்வரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. டிஸ்கில் இருந்த மூல ரிப்போவும், மூல டம்ப்பும் அதோடு போயின. மிஞ்சியது புதிய சர்வருக்கு வந்து சேர்ந்த ஒரே ஒரு பிரதி. அதுதான் மூன்றாவது ரிவிஷனில் நின்றது.

“இப்ப ஓடற கோடு நம்ம எல்லார் மிஷின்லயும் இருக்குதுங்களே. அதையே முதல் ரிவிஷனா ஏத்திட்டு வேலையைப் பாக்கலாமுங்க” என்றார் உடன் வேலை பார்த்த தம்பி ஒருவர். அவர் சொன்னதில் தவறில்லை. வேலை நிற்கக் கூடாது. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருந்தது.

ஆலைகள் உள்நாட்டு விற்பனைக்குக் கட்டும் நூலில் ஒரு பங்கைக் கைத்தறிக்காரர்களுக்காகச் சிட்ட நூலாகக் கட்ட வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அந்த ஆண்டுகளில் அது 40 சதவீதம். அதிலும் 80 சதவீதம் 80ஆம் கவுண்டும் அதற்குக் கீழும் இருக்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். இந்தக் கணக்கை எங்கள் மென்பொருள்தான் போட்டது. எங்கள் வாடிக்கையாளரான ஓர் ஆலைக்கு 2007-08ஆம் ஆண்டுக் கணக்கில் கேள்வி வந்திருந்தது. அந்த ஆண்டில் சதவீதத்தை எந்த அடிப்படையில் போட்டீர்கள் என்று அவர்களுடைய ஆடிட்டர் எங்களிடம் கேட்டிருந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் கணக்கை நாங்கள் மாற்றியிருந்தோம். அதற்கு முன்பு, 2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் வாட் வரி வந்தபோது பில் பகுதி முழுவதையும் திருப்பி எழுதியதில் அதுவும் இடம் மாறியிருந்தது. இப்போது ஓடும் கோடு இன்றைய விடையைத்தான் சொல்லும். அன்று என்ன ஓடியது, ஏன் அப்படி எழுதினோம் என்பதெல்லாம் அந்த டம்ப்பில் மட்டுமே இருந்தது.

சப்வெர்ஷனை உருவாக்கும் வேலை 2000ஆம் ஆண்டில் கொலாப்நெட் நிறுவனத்தில் தொடங்கியது. கார்ல் ஃபோகல், ஜிம் பிளாண்டி, பென் காலின்ஸ்-சஸ்மன் ஆகியோர் தொடக்கத்திலேயே அதில் இருந்தவர்கள். 1.0 பதிப்பு 2004 பிப்ரவரியில் வந்தது. அவர்கள் செய்தவற்றில் நான் மிகவும் மதிப்பது அந்த டம்ப் வடிவத்தைத்தான். உள்ளே ரிப்போ பெர்க்லி டிபியாக இருக்கலாம், எஃப்எஸ்எஃப்எஸ்ஸாக இருக்கலாம். வெளியே எடுக்கும்போது எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். மின்னஞ்சலின் தலைப்பு வரிகளைப் போலவே கண்ணால் படிக்கக்கூடிய வரிகள்: ரிவிஷன் எண், கோப்பின் பாதை, சேர்த்ததா, மாற்றியதா, நீக்கியதா, எங்கிருந்து நகலெடுத்தது. அதன் பிறகு இரண்டு வரிகள்தான் எங்களைக் காப்பாற்றியவை. ஒன்று, பின்வரும் உள்ளடக்கம் எத்தனை பைட் நீளம் என்பது. மற்றது, அந்த உள்ளடக்கத்தின் எம்டி5 செக்சம். உள்ளே என்னென்ன எத்தனை இருக்கிறது என்று மேலே எழுதி ஒட்டிய பார்சலைப் போல, பொருள் குறைந்தால் எது குறைந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

அந்த டம்ப்பை ‘டெல்டாஸ்’ என்ற விருப்பம் சேர்க்காமல் எடுத்திருந்தார்கள் என்பது இன்னொரு நல்ல காலம். அதைச் சேர்த்தால் கோப்பு மிகவும் சிறியதாகும். ஒவ்வொரு ரிவிஷனிலும் முந்தையதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மட்டுமே பைனரியாகப் பதிவாகும். ஒரு பைட் கெட்டாலும் அதற்குமேல் வருவது எல்லாம் சங்கிலியாகக் கெடும். எங்களுடையதில் மாறிய ஒவ்வொரு கோப்பும் ஒவ்வொரு முறையும் முழுதாக இருந்தது. இடம் அடைக்கிறது என்று பலரும் அலுத்துக்கொள்ளும் முறைதான் இது. பழுதுபார்க்க உட்காருகிறவனுக்கு அந்த இடம்தான் ஆதாரம்.

முதலில் டம்ப்பின் செக்சத்தைக் குறித்துக்கொண்டு, எழுத முடியாதபடி பூட்டி, நகலில் மட்டும் கை வைத்தேன். எந்த எடிட்டரிலும் அதைத் திறக்கவில்லை. எங்கள் அறிக்கைகளின் தமிழ்த் தலைப்புகள் 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய டேப் குறியேற்றத்தில் இருந்தன. யூனிகோடு என்று நினைத்து ஓர் எடிட்டர் அவற்றைத் திறந்து சேமித்துவிட்டால் இருக்கிற ஆதாரமும் போகும். பைட்டுகளை எண்களாகக் காட்டும் கருவியில் மட்டுமே பார்த்தேன்.

செக்சம் பொருந்தாத முதல் கோப்பின் தலைப்பில் சொன்ன நீளத்தை எண்ணிக்கொண்டு போனேன். அந்த நீளம் முடிவதற்கு முன்பே அடுத்த கோப்பின் தலைப்பு வந்துவிட்டது. எத்தனை பைட் முன்னதாக வந்தது என்று பார்த்தேன். பிறகு அந்தக் கோப்பில் எத்தனை வரிகள் என்று எண்ணினேன். இரண்டும் ஒரே எண். அடுத்த கோப்பிலும் அப்படியே. அதற்கு அடுத்ததிலும் அப்படியே. வரிக்கு ஒரு பைட் காணாமல் போயிருந்தது.

விண்டோஸில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு பைட்டுகள்: 13, அதைத் தொடர்ந்து 10. யுனிக்ஸ் வழியில் 10 மட்டும் போதும். எஃப்டிபியில் பெரும்பாலும் பயன்படுபவை இரண்டு முறைகள். பைனரி முறையில் உள்ளதை உள்ளபடி அனுப்பும். ஆஸ்கி முறையில், இது உரைக் கோப்பு என்று நம்பி, போய்ச் சேரும் இயந்திரத்தின் வழக்கத்துக்கு வரி முடிவுகளை மாற்றும். 1985இல் வந்த ஆர்எஃப்சி 959 ஆஸ்கியைத்தான் இயல்பான முறையாக வைத்தது. விண்டோஸோடு வரும் எஃப்டிபி கட்டளையும் அதே வழக்கம்தான். யாரும் எதையும் தப்பாகத் தட்ட வேண்டியதில்லை. ‘பைனரி’ என்று ஒரு சொல் தட்டாமல் இருந்தாலே போதும். அனுப்பியவரைக் குறை சொல்ல எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. டம்ப்பின் தலைப்பு வரிகள் எப்போதும் 10 மட்டுமே கொண்டு முடிபவை. அதனால் அவை சேதமில்லாமல் வந்து சேர்ந்தன. உள்ளே இருந்த கோப்புகளில் 10க்கு முன்னால் நின்ற 13கள் மட்டும் உதிர்ந்துவிட்டன.

“செக்சம் வரியை எல்லாம் தூக்கிட்டு, நீளத்தை மட்டும் இப்ப இருக்கறதுக்குத் தகுந்த மாதிரி மாத்தினா ஏறிடுமில்லீங்களா?” என்று அதே தம்பி கேட்டார். ஏறிவிடும். பார்ப்பதற்கும் சரியாகவே இருக்கும். ஆனால் அது 2007இல் நாங்கள் எழுதிய கோப்பாக இருக்காது; அதைப் போன்ற வேறொன்று. எது எங்கள் ஆதாரமோ அதை அழித்துவிட்டு, ஆதாரம் இருக்கிறது என்று ஆடிட்டரிடம் நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மேலும், செக்சம் இருக்கும்வரை நாம் செய்வது ஊகம் இல்லை. ஒரு 13ஐ எங்கே வைக்க வேண்டும் என்று முயன்று பார்க்கலாம். வைத்தது சரியா என்று அந்த 32 எழுத்து ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடும்.

முழுக்க விண்டோஸ் வழியில் எழுதிய கோப்புகள் எளிதானவை. குறைந்த பைட்டும் வரிகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் ஒவ்வொரு 10க்கு முன்னும் ஒரு 13 சேர்த்து, எம்டி5 போட்டுப் பார்த்து, பொருந்தினால் எழுதிவிட வேண்டியது. பைத்தானில் எழுதிய சிறு நிரல் பெரும்பகுதியை இப்படியே முடித்துத் தந்தது. கோப்பு எங்கே முடிகிறது என்பதை மட்டும் கவனமாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த தலைப்பு வரி தென்படும் இடம்தான் முடிவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. யாரோ ஒருவர் சோதனைக்காக ஒரு சின்ன டம்ப்பையே ரிப்போவுக்குள் கமிட் செய்திருந்தார். அதற்குள்ளும் அதே போன்ற தலைப்பு வரிகள். நீளத்தைக் கொண்டு வரம்பு கட்டினோம்: இருக்கும் பைட்டுகளோடு, அதிலுள்ள 10களின் எண்ணிக்கையைக் கூட்டினால் சொன்ன நீளத்தை எட்ட வேண்டும், எட்டாவிட்டால் முடிவு இன்னும் தள்ளி இருக்கிறது.

கலப்படக் கோப்புகள்தான் என்னை உட்கார வைத்தன. முந்நூறு வரிகள் இருக்கும். குறைந்தது இருநூற்று அறுபது பைட். அப்படியானால் நாற்பது வரிகள் முதலிலிருந்தே 10 மட்டும் கொண்டு முடிந்தவை. எந்த நாற்பது? எல்லா வழிகளையும் முயல்வது என்றால் உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் முடியாது. ஆனால் கோப்புகள் அப்படிக் கண்டபடி பிறப்பதில்லை. முந்தைய ரிவிஷனை ஏற்கெனவே சரிசெய்து நிரூபித்துவிட்டோம். அதிலிருந்து மாறாமல் வந்த வரிகளுக்கு அதே முடிவுதான் இருக்கும். புதிதாகச் சேர்ந்த வரிகள் ஒருவர் ஒரே எடிட்டரில் தட்டியவை. பெரும்பாலும் எல்லாம் ஒரே மாதிரி. இரண்டையும் முயன்றால் ஏதாவது ஒன்றில் செக்சம் பொருந்தும். ஆகவே முதல் ரிவிஷனிலிருந்து வரிசையாக, ஒன்றின் தோள்மீது அடுத்தது என்று ஏறி வந்தோம்.

அப்போது ஒன்றைக் கண்டேன். 10 மட்டும் கொண்டு முடியும் வரிகள் எல்லாம் ஒரே ஒருவருடைய கமிட்டுகளில் வந்தன. எங்கள் குழுவில் அவர் ஒருவர்தான் அந்தக் காலத்தில் லினக்ஸ் லேப்டாப்பில் எழுதியவர். நான் சேர்வதற்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார், நேரில் பார்த்ததில்லை. கழிவுக் கணக்கில் ஒரு திருத்தம், கவுண்ட் மாற்றத்தில் ஒரு திருத்தம் என்று அவர் கை பட்ட இடங்களை வரி முடிவை வைத்தே அடையாளம் காணும் அளவுக்குப் பழகிவிட்டேன். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதுதான் பருத்தி நூலின் ஆங்கில கவுண்ட். இதை மெட்ரிக்குக்கு மாற்றும்போது தசமத்தில் எங்கே வெட்டுவது என்பதற்கு அவர் எழுதிய விளக்கம், இன்றைய கோடில் எங்கும் இல்லாதது. இன்றைய கோடை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கியிருந்தால் அது எனக்குத் தெரிந்தே இருக்காது.

அடுத்து படங்கள். பைனரிக் கோப்பில் 13ம் 10ம் அடுத்தடுத்து வருவது தற்செயல். பைட்டுகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தால் சராசரியாக 64 கிலோபைட்டுக்கு ஒருமுறை வரும். அதனால் குறைவது ஒன்றிரண்டு பைட்தான். ஆனால் எந்த 10க்கு முன்னால் என்பதற்கு நூற்றுக்கணக்கில் இடங்கள். ஒரு பைட் குறைந்தால் ஒவ்வோர் இடமாக முயன்று பார்த்துவிடலாம். இரண்டு என்றால் இணைகள் பல்லாயிரமாகும். அதையும் கணினி சலிக்காமல் செய்யும். அதற்குமேல் போனால் இரவு முழுக்க ஓடவிட வேண்டும். மெகாபைட் அளவுள்ள கோப்பில் பத்துப் பதினைந்து குறைந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

பிஎன்ஜி படங்கள் இங்கே கைகொடுத்தன. 1995இல் அந்த வடிவத்தை வகுத்தவர்கள் இதே விபத்தை மனதில் வைத்துத்தான் வகுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிஎன்ஜி கோப்பும் எட்டு பைட் முத்திரையோடு தொடங்கும்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் இருக்கும் 13, 10 இரண்டும் எங்களுக்கு நேர்ந்தது போன்ற மாற்றத்தைக் காட்டிக்கொடுக்க வைத்தவை. கடைசியில் தனியாக நிற்கும் 10, எதிர்த்திசையில் நடக்கும் மாற்றத்தைக் காட்டிக்கொடுக்க. எங்கள் டம்ப்பில் ஒரு பிஎன்ஜி விடாமல் எல்லாவற்றின் முத்திரையும் ஏழு பைட்டாகத்தான் இருந்தது. அதை அடுத்து வரும் தலைப்புத் துண்டின் நீளமே 13 என்பது ஒரு சுவையான விஷயம். அந்த 13க்குப் பின் 10 வராததால் அது தப்பித்திருந்தது. பிஎன்ஜி கோப்பு துண்டு துண்டாக அமைந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் நீளம், பின்னால் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண். படத் தரவு பெரும்பாலும் 8,192 பைட் துண்டுகளாக இருக்கும். எந்தத் துண்டு குறைகிறது என்று நீளம் சொல்லிவிடும். அதற்குள் 10கள் முப்பதைச் சுற்றித்தான் இருக்கும். சரியானது எது என்று சிஆர்சி சொல்லிவிடும். எவ்வளவு பெரிய படமானாலும் துண்டு துண்டாகச் சரிசெய்து, கடைசியில் முழுக் கோப்பின் எம்டி5 பொருந்தும்போது, அதை வகுத்த முகம் தெரியாத மனிதர்கள்மேல் எனக்கு ஏற்பட்ட நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஜெபெக் படங்களுக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு எதுவும் இல்லை. அவற்றுக்கு வேறு வழி கிடைத்தது. சப்வெர்ஷன் 1.7 வரும்வரை, செக்-அவுட் செய்த ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் மறைவாக இன்னொரு ஃபோல்டர் இருக்கும்; அதற்குள் ‘டெக்ஸ்ட்-பேஸ்’ என்ற இடத்தில், சர்வரிலிருந்து வந்த கோப்பின் தொடாத நகல் இருக்கும். எங்கள் அலுவலகத்துக் கணினிகள், ஓரமாகப் போட்டு வைத்திருந்த பழைய கணினிகள், ஆலைகளில் நிறுவப் போனபோது அங்கேயே விட்டுவந்த செக்-அவுட்டுகள் எல்லாவற்றிலிருந்தும் அந்த நகல்களைத் திரட்டினோம். ஒவ்வொன்றுக்கும் எம்டி5 போட்டு, டம்ப்பின் தலைப்புகளோடு ஒப்பிட்டோம். பெயரோ தேதியோ பார்க்கவே தேவையில்லை. எண் பொருந்தினால் அதே கோப்பு.

எம்டி5 நம்பத்தக்கதல்ல என்று 2004லேயே நிரூபித்துவிட்டார்களே என்று கேட்கலாம். ஷியாவ்யுன் வாங்கும் அவருடைய குழுவினரும் ஒரே எம்டி5 வரும்படி இரண்டு வெவ்வேறு உள்ளடக்கங்களை வேண்டுமென்றே உண்டாக்கிக் காட்டினார்கள். அது ஏமாற்ற நினைப்பவரைத் தடுப்பது பற்றிய சிக்கல். வழியில் உதிர்ந்த பைட்டைக் கண்டுபிடிக்க எம்டி5 தாராளமாகப் போதும். பிற்பாடு, 2017 பிப்ரவரியில், ஒரே ஷா-1 (எம்டி5 போன்ற இன்னொரு செக்சம்) கொண்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகள் வெளியாகி, அவற்றை வெப்கிட் திட்டத்தின் சப்வெர்ஷன் ரிப்போவில் கமிட் செய்ததும் அந்த ரிப்போவே திணறி நின்றது. ஒரே ஷா-1 என்பதால் உள்ளே இரண்டையும் ஒன்றாகச் சேமித்துவிட்டது. வெளியே எடுக்கும்போது எம்டி5 வேறுபட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது, எங்களோடு உழைத்த அந்தப் பழைய எம்டி5தான் அங்கே முரண்பாட்டைக் காட்டிக்கொடுத்தது என்பது என் கண்ணில் பட்டது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் வேண்டுமென்றே உள்ளதை உள்ளபடி திருப்பவில்லை. சில பழைய லாக் குறிப்புகளிலும் 13கள் இருந்திருக்கின்றன. நீளம் அதைச் சொன்னது. குறிப்புகளுக்கு எம்டி5 கிடையாது. அதோடு 1.6 முதல் சப்வெர்ஷன், குறிப்புகளில் 13 இருந்தால் ஏற்றவே மறுக்கும். 1.7இல் அந்தச் சோதனையைத் தாண்டிப் போக ஒரு விருப்பம் உண்டு என்றாலும், பிற்காலத்தில் ஒவ்வொரு கருவியோடும் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும். குறிப்பின் சொற்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்று பார்த்துக்கொண்டு, நீளங்களை மட்டும் திருத்தினேன். எந்தெந்த ரிவிஷன்களில் அப்படிச் செய்தேன் என்பதை எழுதி, ரிப்போவுக்குள்ளேயே ஒரு கோப்பாக வைத்தேன்.

ஏற்றும்போது ரிப்போவின் அடையாள எண்ணான பழைய யுயுஐடியையே வைத்துக்கொள்ளச் சொன்னோம். எல்லாருடைய செக்-அவுட்டும் புது சர்வரைப் பழையதாகவே அடையாளம் கண்டுகொண்டது. லோட் முடிந்ததும் வெரிஃபை ஓட்டினோம். அதுவும் கடைசி ரிவிஷன்வரை நிற்காமல் போனது. 2007-08இல் ஓடிய கணக்கை எடுத்தேன். ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டிய குறிப்பு அதன் மேலே இருந்தது: ஏற்றுமதி நூலைக் கழித்த பிறகே 40 சதவீதம் பார்க்க வேண்டும் என்று ஆலை ஆடிட்டர் போனில் சொன்னார், அதன்படி மாற்றியிருக்கிறேன் என்று. கோடு, தேதி, குறிப்பு மூன்றையும் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆடிட்டர் பெரியவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். “தம்பி, போன்ல சொன்னது நான்தான். எனக்கே மறந்துபோச்சு” என்றார்.

நான்கு ஜெபெக் படங்கள் மட்டும் எதற்கும் பிடிபடவில்லை. ஆலைகளின் முகப்புப் படங்கள். நிரலின் முதல் திரைக்காக யாரோ எடுத்தவை. அவற்றைக் கிடைத்த நிலையிலேயே வைத்து, அவற்றின் தலைப்பில் மட்டும் நீளத்தையும் செக்சத்தையும் திருத்தி, இந்தக் கோப்பு நிரூபிக்கப்படாதது என்று அந்த ரிவிஷனோடு ஒரு தனிப் பண்பாகக் குறித்துவைத்தேன். பின்னால் அவற்றில் ஒன்று, ஓர் ஆலையின் ஸ்டோரில் கிடந்த பழைய நிறுவல் சிடியில் கிடைத்தது. எம்டி5 போட்டேன், டம்ப்பின் தலைப்பில் இருந்த அதே எண். ஒரு படத்துக்காகவா என்று யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை மாலை எல்லாரும் கமிட்டை நிறுத்திக்கொண்டார்கள். படத்தைச் சேர்த்து, டம்ப்பை மறுபடி முதலிலிருந்து ஏற்றி, அந்த ரிவிஷனின் குறிப்பை நீக்கினோம். மற்ற மூன்றின் குறிப்பு அப்படியே இருக்கிறது.